தடித்த கோடு

ஜூன் 11

இன்று வகுப்பில் மானம் போனது. லாக்டிக் அமிலத்தின் பந்தும் குச்சியுமான மாதிரியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பலகையில் வரைந்தேன். நம்மை நோக்கி வருவது தடித்த கோடு, பின்னால் போவது விட்டுவிட்டுப் போகும் கோடு. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்த பாடம். வாயே திறக்காத முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "மேடம், முன்னாடி இருக்கறதைப் பின்னாடி போட்டுட்டீங்க," என்றாள். அந்த இரண்டையும் மாற்றினால் அது வேறு பொருள். கண்ணாடியில் தெரியும் உருவம். மறுபடி மாதிரியைப் பார்த்தேன். எது முன்னே, எது பின்னே? தெரியவில்லை. சிரித்துச் சமாளித்தேன்.

ஜூன் 12

தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். "பகல்லயே தூக்கமா அக்கா?" என்றாள் தங்கை.

ஜூன் 19

கண் மருத்துவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண் நரம்பு செத்துவிட்டதாம். எத்தனை நாளாக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேனோ, எனக்கே தெரியாமல்!

"போன பார்வை வராதும்மா. வலது கண்லயும் அழுத்தம் இருக்கு. அதையாவது காப்பாத்தப் பார்ப்போம். உங்களுக்குக் கீழ்ப்பக்கம்தான் முதல்ல மறையும், படியில பார்த்து இறங்குங்க."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? கேட்காமலே மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கண்ணும் போனால் பலகை போச்சு. எனக்கு வேறென்ன தெரியும்?

ஜூன் 20

சொட்டு மருந்து. எரிகிறது.

ஜூலை 2

மாதிரியை மெல்லச் சுழற்றினால் எது முன்னே என்று பிடிபடுகிறது. நிறுத்தினால் மறுபடி தட்டை. தாளில் வரைந்த படத்தில்தான் குழப்பமே இல்லை. அதைப் பார்க்க எல்லாருக்கும் ஒரு கண் போதும்.

தங்கையிடம் வரைந்து காட்டினேன். தையல்காரி அவள். விட்டுவிட்டுப் போகும் கோட்டைப் பார்த்து, "இது ஓட்டுத்தையல்தானே, இதுக்கா அவ்ளோ படிப்பு?" என்று வாரினாள்.

ஜூலை 9

காலையில் மாடிப்படியில் தவறி விழுந்து முட்டி சிராய்த்தது. வெள்ளைக் கல் படி, எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. மாலை வந்து பார்த்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் தங்கை கறுப்பு ரிப்பன் ஒட்டியிருக்கிறாள்.

"நீதானே சொன்ன, முன்னாடி வர்றது தடிச்ச கோடுன்னு."

அழுதுவிட்டேன். அவளும் என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

ஆகஸ்ட் 6

அழுத்தம் குறையவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார். மனசைத் தளர விடக்கூடாதாம். மனசுக்கா மருந்து கேட்டேன்?

ஆகஸ்ட் 21

இன்று வகுப்பில் ஒரு பிழைகூட இல்லை. முதல் பெஞ்சுப் பெண்தான் மாதிரியைக் கையில் வைத்து எனக்காகச் சுழற்றிக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

செப்டம்பர் 14

கல்லூரிக்குக் கிளம்பி மாடிப்படியின் உச்சியில் நின்றேன். கீழே ஒரே வெள்ளை. ரிப்பன் உரிந்துவிட்டதுபோல.

"புதுசா ஒட்டக் கூடாதாடி? நான் விழுந்து சாகணுமா?" என்று கத்தினேன்.

தையல் மிஷின் நின்றது. வந்து பார்த்தவள் குனிந்து முதல் படியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு அக்கா."