மூன்றா, நாலா

ஜூன் 3
இன்றும் கொம்பியூட்டர் இடையில் நின்றுவிட்டது. நோர்வேக் கம்பனி வேலைக்கு எடுக்கமுன் சோதனைக்குக் கீறத் தந்த வீட்டுப் படம், முக்கால்வாசி முடிந்திருந்தது. பதினான்காம் திகதிக்குள் அனுப்பினால் நெடுந்தீவிலேயே இருந்துகொண்டு சம்பள வேலை. இல்லாவிட்டால் இருபத்திரண்டாம் திகதி குவைத்துக்கு வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரர் விசா எடுத்து வைத்திருக்கிறார். முதுகு அடிபட்டதிலிருந்து என் மனுசன் றெக்ஷன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதில்லை. மகள் தர்சனாவுக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஆரின்ரையோ குசினியில் போய் நிற்கிறதா?

ஜூன் 5
யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் தனுஜனுக்குப் போன் எடுத்தேன். கொம்பியூட்டரின் நினைவகத்துக்கு நாலு ஜிபி றாம் போதாதாம், இன்னொன்று போட வேண்டுமாம். றாம் பூட்டுகிற போர்ட் ஏற்பது மூன்றாம் வகை றாமையா நாலாம் வகையையா என்று கேட்டார். பெட்டியைத் திறந்தால் உள்ளே உப்புக்காற்று வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. போர்ட்டின் பெயர் தெரிகிறது, கடைசி இலக்கம் மட்டும் அரித்துப் போயிற்று.
"பழைய றாமைக் கழட்டிக் குடுத்துவிடுங்கோ அக்கா, பாத்துத் தாறன்" என்றார்.
கழற்றிக் கொடுத்தால் ஒரு பகல் வேலை போய்விடும். ஒன்பது நாள்தான் இருக்கிறது. இப்போது எல்லாம் நாலுதானே என்று நினைத்து, நாலு என்றேன்.

ஜூன் 6
றெக்ஷன் முதுகைத் துவாயால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் படகில் போய் வாங்கி வந்தார்.

ஜூன் 7
பொருந்தவில்லை. றாமின் அடியில் உள்ள வெட்டு ஓரிடம், போர்ட்டின் மேடு வேறிடம். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அமத்தினேன்.
"அமத்தாதையும் பிரேமினி, உடைஞ்சிடும்" என்றார். றெக்ஷனில் எரிந்து விழுந்தேன்.
பிறகு பழையதைக் கழற்றிப் பார்த்தேன். அதில் ஒட்டிய தாளில் தெளிவாக இருக்கிறது — மூன்று. ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷம் கழட்டிப் பாத்துப்போட்டுத் திரும்பப் போட்டிருக்கலாமே. என்ன மூளை எனக்கு?

ஜூன் 8
கச்சான் காற்று, தென்மேற்கில் இருந்து அடித்துக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. படகு இல்லை.

ஜூன் 9
படகு இல்லை. பழையதைத் திரும்பப் போட்ட பிறகு கொம்பியூட்டருக்கு உயிர் வரவில்லை, கீக் கீக் என்று கத்துகிறது. மாதாவே, இதையும் கெடுத்துப்போட்டனோ? தனுஜன் சொன்னபடி தர்சனாவின் அழிறப்பரால் றாமின் பொன்நிறக் கோடுகளைத் தேய்த்துப் போட்டேன். வேலை செய்தது. நிலத்தில் இருந்து அழுதேன்.

ஜூன் 12
படகு இல்லை. படம் நாலு தரம் நின்றது. தனுஜன் மூன்றாம் வகையை எடுத்து வைத்திருக்கிறாராம். வைத்திருந்து என்ன, கடல் விடவேணுமே.

ஜூன் 14
படகு ஓடியது. றெக்ஷன் போய்த் திரும்பிவரப் பின்னேரம் ஐந்து மணி. புது றாம் டக்கென்று பொருந்தியது. கொம்பியூட்டர் நிற்கவேயில்லை. ஆனால் படம் முடிய இன்னும் எத்தனை மணித்தியாலமோ.

ஜூன் 15
காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். காற்று, படகு, என் பிழை, எல்லாம் எழுதினேன். பின்னேரம் பதில் வந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். நேற்றே வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 19, குவைத்
இன்று வேலை செய்யும் வீட்டார் ஒரு மணித்தியாலம் போன் தந்தார்கள். றெக்ஷன் வீட்டுக் கொம்பியூட்டருக்குக் கமரா பூட்டியிருக்கிறார். தர்சனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கதைத்த நேரம் முழுக்கப் படம் ஒரு தரமும் நிற்கவில்லை.
"அம்மா, இது இப்ப நிக்கிறேல்லை" என்றாள். "நீங்கள் வந்து வீடு கீறலாம்."
ஓம் பிள்ளை என்றேன்.