தோளில் இருந்த கை

டூங்கபி,
14.11.2004

அன்புள்ள மகள் தர்மினிக்கு அம்மா எழுதுவது,

நான் நலம். பிரெஷரும் சீனியும் அளவாகத்தான் இருக்கின்றன. ரெலிபோனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசு.

பனிப்பாறைகளை அளக்கிற செய்மதி வேலையில் நாற்பது பேருக்கு நீ தலைவி என்று ஓகஸ்டில் இங்குள்ள பேப்பரில் வந்ததே, அந்தப் படத்தில் லீஸ்பெத் உன் தோளில் கை போட்டிருந்தாள். என் மனைவி என்று நீயே சொல்லியிருந்தாய். உன்னைப் போன்ற விஞ்ஞானிகள் ஒளிந்து வேலை செய்யக்கூடாதென்று ஹொலண்டில் ஒரு சங்கம் தொடங்கியதையும் சொல்லியிருந்தாய். நான் அதை மடித்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நம் ஆட்கள் கண்ணில் படாது என்று ஒரு நம்பிக்கை.

பிறகு தமிழ்ச் சங்கச் செயலாளர் மகேந்திரராஜா வந்தார். ஆண்டு மலரில் சாதனையாளர் பக்கத்துக்கு உன் படம் வேண்டுமாம். மறுக்க வாய் வரவில்லை. பெருமைதான் பிள்ளை, வேறென்ன? என்னிடம் இருந்ததெல்லாம் நீ பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிற படங்கள். பேப்பர்ப் படத்தை எடுத்துக் குசினிக் கத்தரிக்கோலால் லீஸ்பெத்தை வெட்டினேன். கூடவே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: விண்வெளி ஆய்வுக்காகத் திருமணத்தையே வேண்டாமென்றவர். அதையும் நானேதான் எழுதினேன், தர்மினி.

ஆளை வெட்டினேன், கை தப்பிவிட்டது. மலரில் உன் தோளில் நான்கு விரல்கள்! வெளியீட்டு விழாவில் உனக்காகப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி, இது ஆரின்ர கை அன்ரி என்று கேட்டாள். என்ர கைதான், போன வருஷம் ஹொலண்டுக்குப் போனனான் என்றேன். உன் கலியாணத்துக்கே வராத நான்! கறுப்பு வெள்ளையில் நிறமா தெரியப் போகிறது?

போன செவ்வாய்க்கிழமை சிவனேஸ்வரி வந்தாள், கோவிலில் தேவாரம் படிப்பவள். கதிரையில்கூட உட்காரவில்லை. அந்தப் பேப்பர்ப் பக்கத்தைத் தன் பையிலிருந்து முழுதாக எடுத்து மேசையில் வைத்தாள். என்னை அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியில்லை. அவளுடைய இளைய மகன் தானும் உன்னைப்போலத்தான் என்று போன வருடம் சொன்னானாம். விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன். உன் படத்தை அவன்தான் தாயிடம் காட்டினானாம்: பாருங்கோ அம்மா, இவ எவ்வளவு பெரிய வேலையில இருக்கிறா, இவவின்ர அம்மா இராஜேஸ்வரி அன்ரிக்கும் எல்லாம் தெரியும்தானே, நீங்களும் பழகுவீங்கள் என்று. அவளும் நான் வாய் திறந்தால் தானும் திறக்கலாம் என்று காத்திருந்தாளாம்.

பிறகு மலர் வந்தது. அவவின்ர அம்மாவே வெட்டிப்போட்டா என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் படிப்பை விட்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டான். ஐந்து கிழமையாகத் தாய் எடுத்தால் பதில் இல்லை.

சிவனேஸ்வரி என்னை ஏசவில்லை. நானும் இதைத்தான் செய்திருப்பன் அக்கா என்று சொல்லி அழுதாள். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இவ்வளவு காலம் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது என்னை நினைத்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மகேந்திரராஜாவிடம் போய், அடுத்த செய்திமடலில் முழுப் படத்தையும் இரண்டு பெயரோடும் போடச் சொன்னேன். கொமிட்டியில கேக்க வேணும் அன்ரி என்று இழுத்தார். கேட்டுவிட்டுச் சொல்லுங்கோ என்று பொன்னாடையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சங்கத்துப் பெண்கள் இப்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கதைக்கட்டும்.

அந்தப் பிள்ளையின் நம்பரை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை எடு. நீ எடுத்தால் அவன் பேசுவான் என்று சிவனேஸ்வரி நம்புகிறாள்.

இன்னும் ஒன்று. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் லீஸ்பெத்துக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டு. பெப்ரவரியில் செய்மதி ஏவுகிற அன்று உங்களோடு இருக்க எனக்கு ஆசை. வரலாமா என்பதை நீ சொல்லாதே. நீ தாய்க்கு இரங்கி ஓம் என்றுவிடுவாய். அவள் சொல்லட்டும்.

இருவரும் நன்றாக இருங்கள்.

அம்மா
இராஜேஸ்வரி