மேனியன் அம்மாவின் மூக்குக்கண்ணாடி

பங்கு இல்லம், கில்னமோரா,
மேயோ, அயர்லாந்து.
11 மே 2015

அன்புள்ள யூஜின்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இடுப்பு வலி, முதல் நற்கருணை வகுப்பு என்று காரணங்கள் வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் எதுவும் எடுபடவில்லை. உண்மை இதுதான்: செப்டம்பரில் நீயும் ரேமண்டும் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். 'வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்லை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இதோ எழுதிவிட்டேன். வாழ்த்துகள், யூஜின். இருபத்தெட்டு வருடம் உன் சமையலைச் சாப்பிட்டுப் பொறுத்துக்கொண்ட மனிதனுக்கு ஒரு மோதிரமாவது கிடைக்கட்டும்.

இங்கே ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளச் சட்டம் இடம் தரலாமா என்று இருபத்திரண்டாம் தேதி நாடே வாக்களிக்கப் போகிறது. கம்பத்துக்குக் கம்பம் தட்டி. என் வீட்டு வாசல் கம்பத்தில் மேலே 'ஆம்', கீழே 'வேண்டாம்'. நடுவில் காணாமல் போன பூனைக்கும் ஒரு தாள்.

ஆயர் சுற்றுமடல் அனுப்பியிருக்கிறார். நான்கு பக்கம். 'வேண்டாம்' என்று வாக்களிக்கச் சொல்லி, இந்த இரண்டு வாரத்தில் நடக்கும் எல்லாப் பூசைகளிலும், வீட்டுப் பூசைகள் உட்பட, படிக்க வேண்டும் என்று உத்தரவு. நேற்று நல்லவேளையாக ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மறைப்பணிக் குரு ஒருவர் இருந்தார். அவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன் என்று பாவமன்னிப்புப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பாவியும் வரவில்லை. உள்ளே இருந்தபடி காலடிச் சத்தத்தை எண்ணினேன். நடுவில் பதினொரு பேர் எழுந்து போனார்கள்.

உன் தங்கை நுவாலா வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வசந்தகால வீட்டுப் பூசை உங்கள் வீட்டு முறை. இருபதாம் தேதி மாலை. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை வருகிற முறை என்பதால் கொட்டகையில் இருக்கிற கோழிக்கூடு வரைக்கும் புதுப் பச்சை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும்,
லோர்கன்

———

மான்செஸ்டர்
14 மே 2015

அன்புள்ள லோர்கன்,

நீ பெட்டிக்குள் ஒளிந்த இடத்தை ரேமண்டுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு, "பாவம்யா அந்த மனுஷன்" என்றான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பாவமாகவும் இல்லை.

இருபதாம் தேதி நீ பூசை வைக்கப் போகிற மேசை எங்கள் சமையலறை மேசைதானே? வேறு மேசை அந்த வீட்டில் கிடையாது. நாம் சேர்ந்து படித்த குருமடத்தை நான் விட்டு வந்த அன்று அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அம்மா ரொட்டி மாவு பிசைந்துகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "லோர்கனும் வர்றானா?" அவளுக்குத் தெரிந்திருந்தது, லோர்கன். அவளிடம் யாரும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வர்றான்மா" என்றேன். நான்கு ரொட்டி சுட்டாள். வழிக்கு இரண்டு உனக்கு, இரண்டு எனக்கு.

அந்த வெள்ளிக்கிழமை டப்ளின் துறையில் உனக்காகக் காத்திருந்து இரண்டு கப்பலைப் போகவிட்டேன். மூன்றாவதில் ஏறினேன். ரொட்டியை எல்லாம் நானே சாப்பிட்டேன். இதை முப்பத்தேழு வருடமாக நான் உன்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக்காட்ட எழுதவில்லை. அந்த மேசை எது என்று உனக்கு நினைவூட்டத்தான்.

நாடு விட்டுப் போய் இத்தனை வருடம் ஆனதால் எனக்கு அங்கே வாக்கு இல்லை. அதனால் உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் காகிதத்தை எங்கள் அம்மா மேசையில் வைத்துப் படிக்காதே. உன் கோயிலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அங்கே வேண்டாம். படித்தாயானால் இனி எனக்கு எழுதாதே.

யூஜின்

———

கில்னமோரா
21 மே 2015

யூஜின்,

படித்துவிட்டேன்.

எழுதாதே என்றாய். இருந்தாலும் நடந்ததை நீ நுவாலாவிடம் கேட்பதற்கு முன் என்னிடம் கேள்.

சுற்றுமடலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே காரில் விட்டுவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்குள் போனேன். பூசை எனக்கு மனப்பாடம். சுற்றுமடல் மனப்பாடம் இல்லை. கண்ணாடி இல்லையென்றால் படிக்க முடியாது, படிக்க முடியாவிட்டால் குற்றமும் இல்லை. இதுதான் அறுபது வயது மனிதன் போட்ட திட்டம்.

சமையலறையில் இருபத்தாறு பேர். பூசை நன்றாகவே போனது. முடிவில் ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கினேன். பங்குப் பேரவையின் மார்ட்டின் ஹெஷன் தொண்டையைச் செருமினார்.

"ஃபாதர், ஆயர் லெட்டர மறந்துட்டீங்களே."

"மறக்கல மார்ட்டின். கண்ணாடி கொண்டு வரல."

"அப்ப நான் படிக்கட்டுமா?"

"ஏன், வீட்ல கண்ணாடி இல்லையா என்ன?" என்றாள் நுவாலா. உனக்குத் தெரியும் அவளை. விருந்தாளி உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறவள். குருவானவர் ஒரு பொருள் இல்லாமல் தன் வீட்டில் நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அலமாரி இழுப்பறையைத் திறந்து, துணி உறையிலிருந்து எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் எதைப் படிக்கப் போகிறேன் என்பது அவளுக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

அது உன் அம்மாவின் கண்ணாடி. அவள் இறந்து இத்தனை வருடம் கழித்தும் இடதுபக்கக் காதுக் கம்பியில் அதே நீலநூல் சுற்று.

அப்போதும் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யூஜின். நான் மாட்டிக்கொண்டு படித்தேன். நான்கு பக்கமும். எழுத்து அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

பிறகு தேநீர். இருபது வருடமாக நுவாலா எனக்குத் தேநீர் தருகிறாள். நேற்று கேட்டாள்: "சர்க்கரை எத்தன, ஃபாதர்?"

லோர்கன்

———

கில்னமோரா
24 மே 2015

அன்புள்ள யூஜின்,

இதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாலும் சரி. பொட்டலத்தில் இருப்பது உன் அம்மாவின் கண்ணாடி. அன்று பதற்றத்தில் என் கோட்டுப் பையிலேயே வந்துவிட்டது. நுவாலாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே நின்று, "அத யூஜினுக்கு அனுப்பிடுங்க ஃபாதர். இனிமே அது இந்த வீட்ல இருக்க வேணாம்" என்றாள்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை அதைப் பயன்படுத்தினேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. குட்டி நாற்காலிகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். தடுப்புக்குள் போனபிறகுதான் தெரிந்தது, என் கண்ணாடி மறுபடியும் காரில். இந்த முறை நிஜமாகவே மறந்திருந்தேன். கோட்டுப் பையில் கைவிட்டேன். உன் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூலில் கட்டிய பென்சிலால், 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நேற்று முடிவு வந்தது. மேயோவும் எப்படியோ தட்டுத் தடுமாறி 'ஆம்' சொல்லிவிட்டது. வானொலியில் டப்ளினில் அழுகிறார்கள், பாடுகிறார்கள். நான் சமையலறையில் தனியாக நின்று கேட்டேன். அடுப்பில் முட்டை கருகிப்போனது. உன் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

லோர்கன்

———

மான்செஸ்டர்
7 ஜூன் 2015

லோர்கன்,

கண்ணாடி உடையாமல் வந்தது. ரேமண்ட் அதைத் தன் மூக்கில் மாட்டிப் பார்த்து, "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்குமா?" என்று கேட்டான். பிடித்திருக்கும் என்றேன். நான் அழுதேன், அவன் தேநீர் போட்டான்.

உன் வாக்குக்கு நன்றி. கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். 'வேண்டாம்' என்பதை நீ இருபத்தாறு பேருக்கு முன்னால் உரக்கப் படித்தாய். 'ஆம்' என்பதைத் தடுப்புக்குப் பின்னால், ஒரு துண்டுப் பென்சிலால், யாருக்கும் தெரியாமல் போட்டாய். என்னையும் இப்படித்தான் நீ வைத்திருந்தாய், லோர்கன். முப்பத்தேழு வருடம். கடிதத்தில் மட்டும். உன் பங்கு அலுவலகக் கணினியை மூன்று பேர் திறக்கிறார்கள் என்பதற்காக, மின்னஞ்சல் காலத்திலும் தபால்தலை ஒட்டிக்கொண்டு.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். அந்த மூன்றாவது கப்பலிலேயே உன்னை மறந்திருப்பேன்.

அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். செப்டம்பர் 12, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. குருவாக வர வேண்டாம். ஜெபம் வேண்டாம், ஆசீரும் வேண்டாம். முன்வரிசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். எங்கே போகிறாய் என்பதை ஊரில் சொல்லிவிட்டு வர வேண்டும். பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதாக இருந்தால் வரவே வேண்டாம்.

முடியாவிட்டால் எழுதாதே. நான் புரிந்துகொள்வேன். அதோடு விட்டுவிடுவோம்.

யூஜின்

———

மான்செஸ்டர்
20 ஆகஸ்ட் 2015

லோர்கன்,

எழுதாதே என்று நான் சொன்னால் மட்டும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்பாய் போலிருக்கிறது. விருந்துக்காரர் ஆள் கணக்குக் கேட்கிறார். "நாப்பதா நாப்பத்தொண்ணா, சொல்லித் தொலையேன்" என்று ரேமண்ட் காலையிலிருந்து கத்துகிறான். நாற்பத்தொன்று என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அதில் கோட்டுகளைப் போட்டு வைக்கிறோம்.

யூ.

———

கில்னமோரா
6 செப்டம்பர் 2015

அன்புள்ள யூஜின்,

கோடை முழுக்க உனக்குப் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஊரில் சொல்லாமல் எழுதினால் அது இன்னொரு பென்சில் குறியாகத்தான் இருக்கும் என்று பட்டது. முதலில் சொல்லிவிட்டு, பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். சொல்ல இன்றுவரை ஆகிவிட்டது.

காலைப் பூசை முடிவில் வழக்கம்போல அறிவிப்புகள். கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்ய ஆள் தேவை. வியாழக்கிழமை சீட்டாட்டப் போட்டி. யாரோ விட்டுப்போன பழுப்பு ஸ்வெட்டர் பூசை உடை மாற்றும் அறையில் இருக்கிறது. இதற்குமேல் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். கழற்றினால் முகங்கள் அவ்வளவாகத் தெரியாது, அது கொஞ்சம் உதவியது.

"வர்ற சனிக்கிழமை சாயங்காலப் பூசை கிடையாது. நான் மான்செஸ்டர் போறேன். நம்ம ஊர் யூஜின் மேனியனுக்குக் கல்யாணம். ரேமண்ட்ங்கறவரோட. யூஜின் எனக்கு இந்த உலகத்துலயே ரொம்ப வேண்டியவர். மே மாசம் அவங்கம்மா மேசையில நின்னு நான் ஒரு லெட்டர் படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரங்க என்னை மன்னிக்கணும்" என்றேன்.

இந்த முறையும் ஆட்கள் எழுந்து போனார்கள். முதல் ஆள் மார்ட்டின் ஹெஷன். பெட்டிக்குள் இல்லாததால் காலடிச் சத்தத்தை எண்ணத் தேவைப்படவில்லை, நேராகவே பார்த்தேன். ஒன்பது பேர். மீதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். பிறகு ஆசீர் கொடுத்தேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வாசலில் நுவாலா நின்றிருந்தாள். மே மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"எத்தன மணிக் கப்பல், ஃபாதர்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

"நானும் வர்றேன். தனியா விட்டா நீங்க பாதி வழியில திரும்பிடுவீங்க. ஒரு தடவ நம்பிக் கெட்டது போதும்."

சிரிக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே நாற்பத்தொன்று போதாது. விருந்துக்காரரிடம் நாற்பத்திரண்டு என்று சொல்.

இதை எழுதுகிற நேரத்துக்குள் ஆயர் இல்லத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி அடித்துவிட்டது. எடுக்கவில்லை. திங்கட்கிழமை எடுப்பேன். திரும்பி வரும்போது இந்தப் பங்கு எனக்கு இருக்குமா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமைக்கு அப்புறம் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். நான் உன்னைக் காதலித்தேன், யூஜின். அந்த வெள்ளிக்கிழமை பெட்டி கட்டி வைத்துவிட்டு, குருமட ஜன்னலில் நின்று ரயில் போவதைப் பார்த்தேன். அதற்கப்புறம் உன்னை நினைக்காமல் ஒரு வெள்ளிக்கிழமையும் போனதில்லை. இதற்குப் பதில் வேண்டாம். இதை ரேமண்டிடம் காட்டு. அவருக்குத் தெரியாமல் உன்னிடம் எதுவும் இருக்க வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டிவிட்டு, நான் ஊர் திரும்புவேன்.

நுவாலா நான்கு ரொட்டி சுட்டு எடுத்து வருகிறாள். எதற்கு இத்தனை என்று கேட்டேன். உன் அம்மாவின் கணக்கு அது என்றாள்.

துறையில் வந்து காத்திருக்காதே. போதுமான அளவு காத்திருந்துவிட்டாய். வீட்டு விலாசம் என்னிடம் இருக்கிறது. கதவைத் தட்டுகிறேன்.

உன்
லோர்கன்