பதினேழாம் பாகத்தின் இடம்

1994 ஜூலை 17, ஞாயிறு

இன்று ஆலயத்தின் வெஸ்ட்ரி அறையில் நான் சொல்லாமல் விட்டது: “அங்கிள், பார்ப்பது மட்டுமில்லை. முப்பத்தொன்பது பாகங்களையும் பார்த்து, எது மேல் எது கீழ் என்று நோட்டில் வரிசை போட்டுக்கொண்டிருக்கிறேன்.”

சொன்னது: “ஆமாம், அங்கிள்.”

கேட்டவர் அப்பாதுரை அங்கிள், சபையின் செயலாளர். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “அந்த மந்திரவாதிப் பொம்மைப் படத்தை நீயுமா பாக்குற, ஜெயசீலி? எம்.ஏ. படிச்ச பொண்ணு.” பிறகு, “திங்கக்கிழமை சாயங்காலம் நம்ம பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போற?”

எங்கே என்று அவருக்குத் தெரியும். சேலையூர் முழுக்கத் தெரியும். ஒளித்துச் செய்தால்தானே பயப்பட வேண்டும்?

போன அக்டோபரில் டி.வி.யில் ‘விளக்கு நாடு’ தொடர் தொடங்கியது (இந்தியில் நீளமாக ஏதோ பெயர், இது நாங்கள் வைத்தது). ஞாயிறு காலை ஒன்பது மணி. ஞாயிறு பள்ளியும் ஒன்பது மணி. என் வகுப்பில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதரைக்கு மற்றவர்கள் மூச்சிரைக்க ஓடி வருவார்கள். “அக்கா, ஆடு இன்னா சொல்லிச்சு?” ஒருவருக்கும் இந்தி தெரியாது. நான் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள். அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டேன்: நீங்கள் ஒன்பதுக்கு வாருங்கள், என் தோழி சபீஹா அக்கா வீடியோ டெக்கில் பதிவு செய்து வைப்பாள், திங்கள் சாயங்காலம் அவள் வீட்டில் போடுவோம், வசனத்தை நான் தமிழில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு பதினாறு பிள்ளைகள். மணி ஒன்பது அடிக்கும்முன் பாயில் இருந்தார்கள். அதை யாரும் என்னை வெஸ்ட்ரிக்குக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

ஜூலை 18, திங்கள்

பம்மலில் தோல் ஏற்றுமதி ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, நேராக சபீஹா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுக்கு செப்டம்பரில் நிக்காஹ். துபாயிலிருந்து வரும் அவள் அண்ணன் அயூப் எழுதிவிட்டாராம்: கல்யாண வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க கேசட்டுகள் வேண்டும். எங்கள் தொடர் இருப்பது ஐந்து கேசட்டில்.

“நாலு குடுத்துட்டு ஒண்ணு வெச்சிக்கலாம்னு அம்மாகிட்ட சண்ட போட்டேன்டி. ஒண்ணுதான்.”

ஒரு கேசட்டில் எட்டுப் பாகம் போகும். முப்பத்தொன்பதில் எட்டு. மற்றவற்றின் மேல் பிரியாணிப் பந்தி பதிவாகிவிடும்.

விளையாட்டாகப் போட்ட வரிசை இனி விளையாட்டில்லை.

ஜூலை 20, புதன்

கடைசிப் பாகம் எட்டில் வராது. ஏழு விளக்கும் ஒரே நேரத்தில் எரிகின்றன, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். யாருக்காக எடுத்தார்கள் அதை?

ஜூலை 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினேழாம் பாகம். பொய் சொல்லிச் சொல்லியே ஆடாகிப்போன ஒருவன், விளக்கேற்றும் பெண் ஓராவோடு சுற்றிக்கொண்டிருக்கிறான். ஏழு நாள் ஒரு பொய்யும் சொல்லாவிட்டால் மறுபடி மனிதன். தவறினால் சாபம் நிரந்தரம். ஆறு நாள் தாண்டிவிட்டது. ஏழாம் நாள் சாயங்காலம் பனிராணியின் சிப்பாய்கள் வருகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் வறண்ட கிணற்றுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். “இதற்குள் யார்?” என்று ஆட்டைக் கேட்கிறார்கள். ஆடு, “யாருமில்லை” என்கிறது. சிப்பாய்கள் போய்விடுகிறார்கள். ஆடு சிறிது நேரம் தன் குளம்புகளைப் பார்க்கிறது. பிறகு புல் மேயத் தொடங்குகிறது.

இதைப் பார்த்த அடுத்த ஞாயிறே பியூலா வகுப்பில் எழுந்து கேட்டாள். ஒன்பது வயது, முன்பல் இல்லை. “அக்கா, ஆடு பண்ணது பாவமா?”

“பாவம் இல்லை” என்றேன்.

அது பிப்ரவரியில். இப்போது ஜூலையில் பியூலா ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறாள். மிட்டாய் விஷயம். அடி விழும்போது, “ஜெயசீலி அக்கா பாவம் இல்லேன்னாங்க” என்றிருக்கிறாள். குட்டிச் சாத்தான்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் அம்மாவுக்கு வரவில்லை; சபைக் கமிட்டியிடம் போய்விட்டார்.

அப்பாதுரை அங்கிள் இன்று தெளிவாகச் சொன்னார். அந்தப் படத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தது தப்பு, பாவம் இல்லை என்று சொன்னது தப்பு, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆகஸ்ட் 14-க்குள் கொடுக்க வேண்டும். “நாலு வரி போதும்மா. நீயும் நிம்மதியா இருப்ப, நாங்களும் நிம்மதியா இருப்போம்.” கொடுக்காவிட்டால் வகுப்பு வேறு ஆளுக்கு.

நாலு வருடமாக எடுக்கிறேன் அந்த வகுப்பை. வாரம் முழுக்க நான் வாயைத் திறக்கிற ஒரே மணி நேரம் அது.

ஜூலை 25, திங்கள்

பிள்ளைகளிடம் ஓட்டு வாங்கினோம். கூச்சல். சபீஹாவின் அம்மா நூர் பீவி வாசலில் வந்து நின்று, “தெருவுல போறவங்க இன்னா நெனப்பாங்க, எலெக்‌ஷனா நடக்குது?” என்றார். ஆனால் எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

நோட்டில் இப்போதைய நிலை:

முதலிடம் 31. ஊமை மணிகளின் மலை. மணி வார்ப்பவன் தன் செவிட்டு மகளுக்காக சத்தமில்லாமல் அதிரும் மணி ஒன்று செய்கிறான். அவள் அதில் கை வைத்து அதிர்வைக் கேட்கிறாள். சபீஹா: “உனக்கு அழுதாத்தான் நல்ல படம்.” இருக்கட்டும்.

இரண்டு, 9. ஓரா படகைத் தவறவிட்டுத் துறையில் காத்திருக்கிறாள். வேறொன்றும் நடப்பதில்லை. பிள்ளைகளில் ஒருவருக்கும் பிடிக்காது. வைப்பேன்.

மூன்று, 26. பாதிப் பாகம். பதினோராவது நிமிடத்தில் கரண்ட் போய்விட்டதால் பதிவானது அவ்வளவுதான். ஓரா பாலத்தின் நடுவில் நிற்கிறாள், பாலம் முறிகிறது, கோடு கோடாகத் திரை. மிச்சத்தை அன்று பிள்ளைகளே ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். முழுப் பாகங்கள் எத்தனையோ இருக்க இதற்கு எப்படி இடம் என்று யாராவது கேட்டால் பதில் தயார்.

பிறகு 4, 22, 13, 35. எட்டாவது, 38.

ஜூலை 30, சனி

அப்பா ரயில்வே கார்ஷெட்டில் வேலை செய்கிறார். சபைக் கமிட்டியில் ஓர் உறுப்பினர். இரண்டு வாரமாக என்னிடம் உப்பு, சாம்பார் தவிர வேறு வார்த்தை பேசாதவர், இன்று ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நாலு வரிதானே கேக்குறாங்க.”

“நாலு வரியும் பொய்ப்பா.”

“ஆட்டுக்காக ஒரு வீட்ல சண்டையா? கார்ஷெட்ல சொன்னா சிரிப்பான்.”

“சிரிக்கட்டும்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “அவளுக்குக் கல்யாணம் பேசுற நேரத்துல இது வேற” என்றாள். எது எதோடு சேரும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஏன் எனக்கு இவ்வளவு ஆத்திரம்? பொம்மைப் படம்தானே? ஆனால் ‘தானே’ என்று அவர்கள் சொல்லும்போதுதான் வருகிறது. அவ்வளவு அற்பமானது என்றால் எழுதி வாங்குவானேன்?

ஆகஸ்ட் 1, திங்கள்

சபீஹா என் நோட்டைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஆடு எங்கடி?”

நான் ஏதோ சொன்னேன். சிப்பாய்களின் முகம் சரியாக வரையவில்லை, நடுவில் வேகம் குறைகிறது, அது இது.

“ஏய். அன்னிக்கு அந்தப் பாகம் முடிஞ்சப்புறம் நீ எழுந்திருக்கவே இல்ல. எங்கம்மா உனக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. இப்ப வந்து மொகம் சரியா வரையல, மூக்கு சரியா வரையலன்னு கத உடுற.”

“எட்டுக்குத்தான் இடம்.”

“பயந்துட்ட. அவ்ளோதான். பயந்தா பயந்தேன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு ஆட்டுமேல பழி போடுற?”

சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன். கேம்ப் ரோடு முழுக்கத் தனியாகப் பேசிக்கொண்டே நடந்தேன். அவளுக்கென்ன, கல்யாணமாகிப் போகப்போகிறாள். அவள் பெயரையா கமிட்டியில் —

இல்லை. அவள் சொன்னது சரி.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

இந்த நோட்டை என்னையும் சபீஹாவையும் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. அதில் நான் எதற்குப் பொய் எழுதினேன்? ஜூலை 25 காலை வரை 17-தான் முதலிடம், 31 அல்ல. பென்சிலில் எழுதியதை 25-ஆம் தேதி அழித்திருக்கிறேன். அழித்த தடம் தாளில் அப்படியே இருக்கிறது. அப்பாதுரை அங்கிள் என் வீட்டுக்கு வரவில்லை, என் கையைப் பிடிக்கவில்லை. நானே அவருக்காக ரப்பரை எடுத்திருக்கிறேன்.

வெஸ்ட்ரியில் வாயை மூடிக்கொண்டதைவிட இது கேவலம்.

17 முதலிடம். பேனாவில் எழுதிவிட்டேன். 31 இரண்டாவது. மற்றவை ஒவ்வொரு படி இறங்கின. 38 வெளியே.

ஏன் முதலிடம் என்றும் எழுதிவைக்கிறேன், பின்னால் எனக்கே குழப்பம் வராமல். மணி வார்ப்பவன் மகளுக்குக் கொடுக்கிறான், அவள் சிரிக்கிறாள். அவனுக்கு அது கிடைக்கிறது. ஆட்டுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. கிணற்றிலிருந்து ஏறிவந்த பிள்ளைகளுக்கு அது என்ன இழந்தது என்றுகூடத் தெரியாது. ஒருவன் அதன் தாடியைப் பிடித்து இழுக்கிறான். ஆடு சொல்லிக்காட்டவில்லை. அந்தப் பொய்யைப் பாவம் என்று பியூலாவிடம் சொன்னால், பிறகு அந்தப் பெண்ணிடம் நான் எதைத்தான் நல்லது என்று சொல்வேன்?

மிட்டாய்க்குச் சொன்ன பொய் வேறு. அதைப் பியூலாவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 6, சனி

சபீஹாவும் நானும் சிட்டிபாபுவின் வீடியோ கடைக்குப் போனோம். இரண்டு டெக் வைத்துப் பிரதி எடுப்பவர் இந்தப் பக்கம் அவர்தான். பட்டியலைப் பார்த்து, “இன்னாமா இது, பதினேழு மொதல்ல வருது, முப்பத்தொண்ணு ரெண்டாவது வருது? கத தலகீழால்ல கீது” என்றார்.

“கதை வரிசை இல்லண்ணா, தர வரிசை” என்றேன்.

“இருவத்தாறு பாதிதான் கீது. பாதிய எதுக்குமா ஏத்தினு? பேஜாரு. நல்ல ஃபைட்டுப் பாகம் ஒண்ணு போட்டுத் தரேன்.”

“பாதியேதான் வேணும்.”

அவர் சபீஹாவைப் பார்த்தார். சபீஹா, “நானும் எவ்ளோ சொல்லிட்டேன்ணா, கேக்க மாட்டேன்றா” என்றாள். திங்கட்கிழமைச் சண்டை அதோடு தீர்ந்தது.

ஆகஸ்ட் 13, சனி

நாலு வரி எழுதிப் பார்த்தேன். ‘நான் அறியாமல்’ என்று ஆரம்பித்தது. அறிந்துதான் செய்தேன். கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில். ஆயர் இருந்தார், அங்கிள் இருந்தார், அப்பா ஜன்னலோரம். நான் கொடுத்தது இரண்டு தாள். எட்டுப் பாகங்கள், தர வரிசைப்படி, ஒவ்வொன்றுக்கும் காரணம். முதலிடத்துக்கு முக்கால் பக்கம். அடியில் இரண்டு வரி: ‘எந்தப் பொய்யிலிருந்து எந்தப் பொய் வேறு என்று பியூலாவுக்கு விளக்காமல் விட்டது என் குறை. அவளிடம் சொல்லிவிட்டேன். ஆடு செய்தது பாவம் இல்லை என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.’ கையெழுத்து.

அங்கிள் முதல் தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். “இதுல மன்னிப்பு எங்கம்மா?”

“இல்லை, அங்கிள்.”

“உன்ன என்ன கேட்டோம், நீ என்ன கொண்டுவந்திருக்க?”

“நான் பிள்ளைகளுக்கு என்ன காட்டினேன்னு கேட்டீங்க. அதுதான் இது.”

குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன? சொல்லி முடித்தேன்.

ஆயர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, நின்றபடியே முதல் பக்கம் முழுவதும் படித்தார். “ஒன்பதாம் பாகத்துல ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதியிருக்கியே?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“ம்” என்றார்.

அப்பா வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவில்லை.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

கமிட்டியில் ஐந்துக்கு நாலு ஓட்டு எனக்கு எதிராக. வகுப்பு போய்விட்டது. அடுத்த வாரம் முதல் யூனிஸ் எடுப்பாள். பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடுகிறவள். நல்ல பெண், என்னிடம் வந்து, “நானா கேட்டு வாங்கல, ஜெயா” என்றாள். தெரியும் என்றேன்.

அப்பா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லையாம். அவர்கள் பக்கம் தூக்கியிருந்தால் ஐந்துக்கு ஐந்து. இதை அம்மா சொன்னாள்.

அழுதேன். எழுதிக்கொடுத்ததற்காக அல்ல.

செப்டம்பர் 11, ஞாயிறு

சபீஹாவின் நிக்காஹ். அவள் வாணியம்பாடிக்குப் போகிறாள். கேசட் என்னிடம்; டெக் அவள் வீட்டில். இனி திங்கட்கிழமைகள் கிடையாது.

1995 ஜனவரி 8, ஞாயிறு

அறிவிப்புப் பலகையில் புது வருடத்து நேரப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஞாயிறு பள்ளி இனி ஒன்பதுக்கு அல்ல, பத்தரைக்கு. காரணம் எதுவும் எழுதவில்லை. ஒன்பது மணிக்கு டி.வி.யில் இப்போது வேறு தொடர் ஓடுகிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சாவகாசமாக நடந்து வந்தார்கள். பதினெட்டுப் பேர் என்று யூனிஸ் சொன்னாள்.

நேரத்தை மாற்றலாம் என்று டிசம்பர்க் கூட்டத்தில் சொன்னது அப்பாவாம். இதுவும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

என்னைத் திரும்ப வகுப்பு எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.