பன்னிரண்டு சிவப்புக் குல்லாய்கள்

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பெர்கனில் இன்னும் மழைதானா? நான் நலம். இங்கே வடக்கில் பனி இடுப்பளவு, என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

இன்று ஒரு வேடிக்கை. காட்டில் முயல் தடம் பார்த்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் உயரத்துக்கே ஒரு பனிமனிதன் செய்தார்கள். இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் போட்டிருக்கும் சிவப்புக் குல்லாய்களை எண்ணினேன். பன்னிரண்டு. கிளம்பினோம். பள்ளி வாசலில் எண்ணியபோது பதினொன்று.

பிள்ளைகளைச் சமையற்காரர் டோர்கெயிரிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். பன்னிரண்டாவது குல்லாய் பனிமனிதன் தலையில் இருந்தது. பின்னால் ஐந்து வயது யோருன், வெறும் தலையோடு, அவனுக்குக் கால் செய்துகொண்டிருந்தாள்.

"அவனுக்குக் குளிரும்ல? அதான் குடுத்தேன். நீ ஏன் அழற, ரன்ஹில்ட்?"

"அழல. மூக்குல பனி."

"பொய்யி."

அவள் காது சிவந்திருந்தது, அவ்வளவுதான். வேடிக்கை என்று எழுதிவிட்டேன். இருபது நிமிடம் தனியாக இருந்திருக்கிறாள், அப்பா. மைனஸ் பதினான்கு டிகிரி.

படகில் தொங்கும் உங்கள் ஊதலை அனுப்புங்கள். ஊத அல்ல, என் பையில் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

"புள்ள நல்லாத்தானே இருக்கு, வாயத் தொறக்காத" என்கிறார் டோர்கெயிர். யோருன் சூப் குடிக்கிறாள். அவள் அம்மாவின் கார் வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தபடி கையசைக்கிறார்.

போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ரன்ஹில்ட்