இளவரசி ஆதிரையின் பல்லைத் தவறாகப் பிடுங்கியவனைத் திருப்பி அனுப்பிய ஓலை

கடல் மூன்று புறமும் காக்கும் கருங்கழி நாட்டை அலைவாய்க் கோட்டையில் வீற்றிருந்து ஆளும் உமையாள்நங்கை, ஏழு கணவாய்களுக்கு உரியவரும் வடமுகில் நாட்டின் வேந்தரும் எம் தமையனாருமாகிய வீரகேசரனார் திருமுன் விடுக்கும் ஓலை. அங்கே மழை பொய்யாதிருக்க; குடிகள் நோயின்றி வாழ்க. தங்களுக்கென்று தனியே ஒரு வாழ்த்து எழுத எம் எழுத்தாணி இன்று இணங்கவில்லை.

சென்ற பங்குனியில், பல்வினைப் பேரரையன் என்று தாங்களே பட்டம் சூட்டிய ஆவுடையான் என்ற பல் மருத்துவனைப் பல்லக்கில் ஏற்றி இங்கு அனுப்பினீர்கள். முதிய மாமனார் முதல் பால்பல் விழும் பிள்ளை வரை எம் குடும்பம் முழுமைக்கும் இவன் ஒருவனே போதும் என்றும், வேறு எவர் கையும் எம் வாயில் படலாகாது என்றும் எழுதினீர்கள். அவன் யாரிடம் கற்றான், எத்தனை பிள்ளைகளுக்குப் பல் பார்த்தான் என்று யாம் கேட்கவில்லை. தமையனார் அனுப்பியவன் என்பதே போதும் என்றிருந்தோம். அந்தப் பிழை எம்முடையது. அதை யார் தலையிலும் ஏற்றமாட்டோம்.

எம் மகள் ஆதிரைக்கு ஒன்பது வயது. கீழ்த்தாடையில் வலப்புறக் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்றாள். ஆவுடையான் அவளை ஒரு சொல்லும் கேளாமல், நான்கு பணிப்பெண்களைக் கொண்டு கைகால்களைப் பிடிக்கச் செய்து, பழுதுற்ற பல்லை விட்டுவிட்டு அதன் அருகிலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கினான். இன்னமும் அங்கேயே வலிக்கிறது என்று அவள் அழுதபோது, இளவரசி பொய் சொல்கிறாள், செல்லம் மிகுந்துவிட்டது என்று எம்மிடம் கூறினான். யாமும் அதை நம்பி மகளைக் கடிந்துகொண்டோம். அன்று முதல் அவள் எம்மோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் தாடை வீங்கிக் கண் மூடிற்று, சுரம் ஏறிற்று, தண்ணீர்கூட இறங்கவில்லை.

அப்போதும் அவன் எம்மிடம் உண்மை உரைக்கவில்லை, தூதுப் புறாவின் வழியே தங்களுக்கு எழுதினான். தங்கள் மறுமொழி அவன் இடுப்பு முடிச்சிலிருந்து எம் காவலர் கையில் சிக்கிற்று. பிழையை ஒப்புக்கொள்ளாதே, நான் கொடுத்த பட்டத்துக்கு இழுக்கு வரும், பிள்ளை தானாகத் தேறிவிடும் என்று தங்கள் கையெழுத்திலேயே கண்டோம். தமையனாரே, அந்தப் பிள்ளை பிறந்தபோது மடியில் ஏந்திப் பெயர் சூட்டியவர் தாங்கள்.

உப்பளச்சேரியில் சேந்தி என்றொருத்தி இருக்கிறாள். உப்பு அள்ளும் குடும்பங்களுக்கு இருபது ஆண்டுகளாகப் பல் பார்ப்பவள். அவளைப் பற்றிச் சொன்னவள் எம் சமையற்காரி; தன் பிள்ளைகள் ஐவரும் அவளிடம் அழாமல் வாய் திறப்பார்கள் என்றாள். அழைத்தோம். சேந்தி வந்தாள், எம்மை வணங்குவதற்கு முன்பே ஆதிரையின் கட்டிலருகே தரையில் அமர்ந்தாள். தன் வாயைத் திறந்து, தானும் இரண்டு பல் இழந்தவள் என்று காட்டினாள். எங்கே வலிக்கிறதென்று நீயே தொட்டுக் காட்டு, போதும் என்று நீ கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன் என்றாள். ஆறு நாள் பேசாதிருந்த எம் மகள், இந்தப் பல், நான் அன்றைக்கே சொன்னேன் என்றாள்.

பிறகு சேந்தி எம் பக்கம் திரும்பி, இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுக்கும்போது வலிக்கும், எடுத்த பின்னும் இரண்டு நாளில் சுரம் தணியாவிட்டால் மேற்கொண்டு செய்ய எனக்குத் தெரியாது என்று கூறினாள். தெரியாது என்ற சொல்லை எம் அரண்மனையில் ஒரு மருத்துவர் வாயிலிருந்து யாம் கேட்டது அதுவே முதல் முறை. சீழை வடித்து, பல்லை எடுத்து, உப்புநீரால் வாய் கழுவி அவள் உடனிருந்தாள். ஆதிரை இரண்டு முறை கையை உயர்த்தினாள். இரண்டு முறையும் சேந்தி நிறுத்தினாள். மறுநாள் மாலை சுரம் இறங்கிற்று. ஆதிரை கஞ்சி கேட்டாள். யாம் அவள் காலடியில் அமர்ந்து, உன்னை நம்பாதது எம் குற்றம் என்றோம்.

இப்போது தங்கள் தூதர் வந்து, உப்பளத்துக் கை அரச குலத்து வாயில் பட்டது இழிவு என்றும், சேந்தியைக் கசையடித்து நாடு கடத்தி ஆவுடையானை மீண்டும் அமர்த்தவேண்டும் என்றும், இல்லையேல் எம் உப்பு வண்டிகளுக்குக் கணவாய்களை அடைப்பீர்கள் என்றும் உரைக்கிறார். அடைத்துக்கொள்ளுங்கள். எம் மாமனார், எம் கொழுநர், எம் மக்கள், யாம் என அனைவரும் இனிச் சேந்தியின் முன் வாய் திறப்போம். அவளைத் தொட வரும் கை எந்நாட்டுக் கையாயினும் இங்கே தங்கிவிடும், உடையவனிடம் திரும்பாது.

ஆவுடையானின் தலையைக் கொய்து அனுப்பவே எண்ணியிருந்தோம். ஆதிரை வேண்டாம் என்றாள். அவனை அடிக்கக்கூடாது, ஆனால் அங்கே இருக்கும் பிள்ளைகளையும் அவன் தொடக்கூடாது, மாமாவிடம் அதை எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டோம். அவள் கேட்டதால் மட்டுமே அவன் இந்த ஓலையைச் சுமந்துகொண்டு உயிரோடு வருகிறான்.

நண்டு இலச்சினை பொறித்து, ஆவணி ஏழாம் நாள், எம் கையாலேயே எழுதியது. இதை அவையில் உரக்கப் படிப்பிக்க. மறுமொழி வேண்டுவதில்லை.