தோற்ற ராஜாவின் மறுநாள்

மாசி 4, திங்கள்

மூடுபனி. பத்து மணிவரை விலகவில்லை. மிளகு காயவில்லை. நான் பார்க்கும் அங்கன்வாடியில் பதினோரு பிள்ளைகள், மூன்று பேருக்குச் சளி. எனக்கு முதுகுவலி.

நூலகத்தில் எடுத்த நாவல், பக். 212. நாட்டை இழந்த ராஜா கதை. நகைகளுக்கு மட்டும் நான்கு பக்கம். தோற்று ஓடும்போதும் ராணி தலையில் பூ வாடவில்லை. காட்டில் அத்தனை பேருக்கும் யார் சோறாக்கினார்கள் என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. நடை நல்ல நடை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர் இன்றும் யாரோடும் பேசவில்லை.

மாசி 6, புதன்

தூறல். மிளகை வெளியே பரப்பி, உள்ளே அள்ளி, மறுபடி பரப்பி. அலுப்பு.

சனிக்கிழமை கோயில் நோன்பு, வருடத் திருவிழா. அவர் ஊர்க்கவுண்டராக இருந்த பதினெட்டு வருடமும் பூசாரி முதல் திருநீறு தருவது அவருக்குத்தான். குடகுத் தோட்ட வேலைக்குப் போனதில் இரண்டு நோன்புக்கு வர முடியவில்லை. நோன்பன்று மலையில் இல்லாதவருக்கு ஊர்த்தலைமைப் பட்டம் கிடையாது என்று ஊர் கூடி முடிவு. ஐப்பசியில் திரும்பி வந்தபோது பட்டம் அவருடைய சித்தப்பா மகனிடம். முறைப்படி சரிதான். ஆனால் பிழைப்புக்குத்தானே போனார், ஊர்சுற்றவா போனார்? கோபம் வருகிறது, யாரிடம் காட்டுவது.

கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறார். போகாவிட்டால் வீம்பு என்பார்கள், வாங்க என்றேன்.

நாவல் பக். 340. ராஜா இன்னும் குடையையும் சாமரத்தையும் நினைத்துப் புலம்புகிறான். போன வருடம் படித்திருந்தால் சிரித்திருப்பேன்.

மாசி 8, வெள்ளி

முடித்துவிட்டேன். கடைசியில் ராஜா ஆற்றில் இறங்கிவிடுகிறான். ராணி, மந்திரி, குதிரை, எல்லாரும் அழுகை. எனக்கு எரிச்சல்தான். தோற்றவனைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். மறுநாள் அவன் எழுந்து, பல் துலக்கி, நேற்றுவரை கும்பிட்டவர்கள் நடுவே நடந்து போவதை யார் எழுதுவது?

செய்ய: புத்தகம் திருப்பித் தர. சோப்பு. அவர் வேட்டிக்கு நீலம்.

மாசி 9, சனி

நல்ல வெயில். வந்தார், வெள்ளை வேட்டியில்.

தீபாராதனை முடிந்ததும் பழக்க தோஷத்தில் முன்னால் போய்க் கை நீட்டிவிட்டார். பூசாரி தட்டோடு அப்படியே நின்றார். சித்தப்பா மகன், "மொதல்ல அண்ணனுக்கே குடுங்க" என்றார். நல்ல மனசுதான், ஆனால் அது இன்னும் மோசம். இவர் கையை இழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒதுங்கினார். பின்னாலிருந்து யாரோ, "பழய நெனப்பு" என்று சிரித்தார்கள். பெண்கள் பக்கம் நின்ற நான் திருநீறு வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

 காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவர் பல்லில் படவில்லை. வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து, அட்டையில் ராஜா படம் போட்ட அந்தப் புத்தகத்தையே பார்த்தார்.

"அந்த ராசா கடசீல என்ன ஆனான்?"

உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஊட்டுக்கு வந்து சோறு தின்னானாமுங்க."

எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"அப்பப் போடு" என்றார்.